ஒப்பேற்றினால் போதாதா? பழைய தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆரில் ஓட்டி, தேடக்கூடிய யூனிகோடு உரையாக மாற்றும் தன்னார்வ வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. (ஓசிஆர் என்பது படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக எடுத்துத் தரும் மென்பொருள். மெய்ப்புப் பார்ப்பது என்பது அந்த உரையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது.) பாதிப் பேர் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: இவ்வளவு பார்க்க வேண்டுமா? பார்க்கத்தான் வேண்டும். ஏன், எதில், எதுவரைக்கும் என்று கீழே சொல்லியிருக்கிறோம்.

ஓசிஆர் இப்போது 99 சதவீதம் சரியாகவே எடுத்துத் தருகிறதே. மிச்சம் ஒரு சதவீதத்துக்கு ஏன் இத்தனை பாடு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் சுமார் 1,500 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று தவறினால் பக்கத்துக்கு 15 பிழை. 200 பக்கப் புத்தகத்தில் 3,000 பிழை. இதையே 99.9 சதவீதமாக உயர்த்தினாலும் 300 பிழை மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் 99 வாங்கினால் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். உரைக்கு அது ஃபெயில் மார்க்.

அந்த ஒரு சதவீதம் புத்தகம் முழுக்கச் சீராகப் பரவியும் கிடக்காது. பெரிய எழுத்தில் ஓடும் சாதாரண உரைநடையில் ஓசிஆர் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. சறுக்குவதெல்லாம் அடிக்குறிப்பு, மேற்கோள் செய்யுள், ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஆண்டு, பக்க எண் ஆகிய இடங்களில். ஆய்வாளர் ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தேடி வருவதே அவற்றுக்காகத்தான். இன்னொன்று, 99 என்ற பேச்செல்லாம் நல்ல தாளில் நல்ல அச்சு இருந்தால்தான். தேய்ந்த ஈய எழுத்தில், பின்பக்கத்து மை முன்பக்கம் தெரியும் மெல்லிய தாளில் அடித்த பழைய புத்தகத்தைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு கீழே போகிறது என்று.

ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தாலும் படிக்கிறவர் புரிந்துகொள்வாரே?

புரிந்துகொள்வார். ஒரு கதையைப் பொழுதுபோக்காகப் படிக்கிறவருக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும், துப்பிவிட்டுத் தொடர்வார். ஆனால் இந்த உரையை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. தேடுபொறி படிக்கிறது. பார்வையற்றவர்களுக்காகத் திரை வாசிப்பான் உரக்கப் படிக்கிறது. அகராதி தொகுக்கிறவர் சொல்லடைவு எடுக்கிறார். இவர்களில் யாரும் ‘ஓ, இது அச்சுப்பிழை போல’ என்று கருணையோடு தாண்டிப் போவதில்லை.

‘அவர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பல இடங்களில், செய்தித் தளங்கள் சிலவற்றிலும்கூட, ‘அவா்’ என்று இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் இருப்பது ரகரமே இல்லை. துணைக்காலின் தலையில் ஒரு புள்ளி. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றும்போதும் ஓசிஆரிலும் நுழைந்துவிடுகிற பிழை இது. ‘அவர்’ என்று தேடினால் ‘அவா்’ கிடைக்காது. புத்தகம் முழுக்க ‘ர்’ இப்படி இருந்தால் அந்தப் புத்தகத்தில் ஊர் இல்லை, பெயர் இல்லை, ஆசிரியர் இல்லை, தமிழர்களும் இல்லை. தேடுகிறவர் ‘இந்த நூலில் அப்படி எதுவும் இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுவார். நூலே இணையத்தில் இல்லாமல் இருந்திருந்தாலாவது நூலகத்துக்குப் போயிருப்பார்.

ஒருமுறை வெளியிட்ட உரையைத் திரும்ப அழைக்கவும் முடியாது. ஒரே வாரத்தில் பத்துத் தளங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளும். நாம் நம் படியில் திருத்தலாம். அந்தப் பத்தையும் திருத்த யார் போவது?

ஸ்பெல் செக்கரில் ஓட்டினால் பிழைகள் சிக்கிவிடாதா?

சில சிக்கும். ‘பதது’ என்று புள்ளி விழுந்துபோனதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பிழையே இன்னொரு நல்ல சொல்லாகிவிட்டால் அது வாய் திறக்காது. பழைய அச்சில் ‘ந்’ என்பதும் ‘த்’ என்பதும் ஒன்றுபோலத் தெரியும். ‘பந்து’ ‘பத்து’ ஆகிவிடும், ‘முந்தி’ ‘முத்தி’ ஆகிவிடும். லகரமும் வகரமும் மாறினால் ‘கவி’ ‘கலி’ ஆகும். ரகரம் காலாகிவிட்டால் ‘மரம்’ ‘மாம்’ ஆகும். இதையாவது மென்பொருள் பிடிக்கும். ‘ன்’ என்பதும் ‘ள்’ என்பதும் இடம் மாறினால் ‘வந்தான்’ ‘வந்தாள்’ ஆகி, கதையில் ஆளே மாறிவிடும். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பொருள் தெரிந்த ஒருவர் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதுதான்.

கண்ணுக்கே தெரியாத பிழைகள் என்று சொல்கிறீர்களே, அவை எவை?

‘அவா்’ பற்றி மேலே சொன்னோம். அதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு.

ஔவையார். இதன் முதலெழுத்து ‘ஔ’ என்ற ஒரே எழுத்து. பலர் ‘ஒ’ அடித்து ‘ள’ அடித்து ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஓசிஆரும் அப்படித்தான் தருகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியவே தெரியாது. திரை வாசிப்பான் மட்டும் ‘ஒளவையார்’ என்று ளகரத்தை அழுத்திப் படித்துக் காட்டிக்கொடுக்கும். ‘கௌ’, ‘கெள’ விஷயமும் இதுதான். ‘கௌதமர்’, ‘பௌத்தம்’, ‘மௌனம்’ ஆகிய மூன்றையும் எந்தப் புத்தகத்திலும் தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து எண்கள். பழைய நூல்களில் தமிழ் எண்கள் வரும். ‘௧’ என்ற ஒன்றை ‘க’ என்றும், ‘௨’ என்ற இரண்டை ‘உ’ என்றும், ‘௭’ என்ற ஏழை ‘எ’ என்றும் ஓசிஆர் எடுத்துவிடும். 1887 என்பதைப் பழைய முறையில் ‘௲௮௱௮௰௭’ என்று அச்சிட்டிருப்பார்கள்: ஆயிரம், எட்டு நூறு, எட்டுப் பத்து, ஏழு. அதை ஓசிஆர் என்னவாக ஆக்கும் என்பதை நீங்களே பார்த்து ரசித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று குறியீடுகளும் வரும். இவை எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் இருக்கிறது. விட்டுவிடக் காரணம் இல்லை.

‘ஸ்ரீ’ இரண்டு விதமாகக் குறியேறும். ‘ஸ்’ போட்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ்’ போட்டும் எழுதலாம். திரையில் விழும் வடிவம் ஒன்றே. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நூலுக்குள் ஒன்றையே வையுங்கள்.

அச்சுப் புத்தகத்திலேயே பிழை இருந்தால் திருத்தலாமா?

கூடாது. அச்சில் உள்ளதை அச்சில் உள்ளபடியே தர வேண்டும். பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் அடிக்குறிப்பில் சொல்லுங்கள். புதியவர்கள் மிக அதிகமாக மீறும் விதி இதுதான், அதுவும் நல்ல எண்ணத்தோடு.

ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை என்று பலருக்குக் கை அரிக்கும். ஆசிரியர் போடவில்லை என்றால் நாமும் போடக் கூடாது. ‘அய்யா’ என்று எழுதியவரை ‘ஐயா’ ஆக்கக் கூடாது. ‘ஜனங்கள்’ என்றிருந்தால் ‘மக்கள்’ ஆக்குவது குற்றம். சந்தி பிரித்து எளிமையாக்குவதும் அப்படியே. அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்று பார்க்க வருகிறவருக்கு, இப்போது நமக்கு எது சரியாகப் படுகிறது என்பதைக் கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பானது அது.

எழுத்தின் வடிவம் வேறு, எழுத்துக்கூட்டல் வேறு என்பதில் குழப்பிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளும் வேறு வடிவத்தில் இருந்தன. துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு ‘லை’ இருக்கும். அதை இன்றைய ‘லை’யாக எடுத்து எழுதுவதால் எதுவும் மாறிவிடாது, எழுத்து அதேதான், தோற்றம்தான் வேறு. ஓசிஆர் இந்த 13 இடங்களிலும் அடிக்கடி இடறும் என்பதால், 1978-க்கு முந்தைய நூல் என்றால் முதலில் இவற்றைக் குறிவைத்துப் பாருங்கள்.

நூலின் கடைசியில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பக்கம் இருந்தால்? அது ஆசிரியரே செய்தது. அதன்படி உரையில் மாற்றி, மாற்றியதைக் குறிப்பிட்டு, அந்தப் பக்கத்தையும் அப்படியே வைத்துவிடுங்கள்.

உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் செய்த பதிப்பு வேலையையும் இதையும் ஒன்றாகப் பேசலாமா?

புலமையில் பேச முடியாது. பழக்கத்தில் பேசலாம், பேச வேண்டும்.

அவர்கள் கைக்கு வந்தவை ஓலைச்சுவடிகள். ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எது செய்யுள், எது உரை என்றே பிரித்துக் காண வேண்டும். இன்று ஓசிஆர் குழப்பும் அதே காலும் ரகரமும் அன்றைக்கு அவர்களுடைய தலைவலியாக இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி.வை.தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று பதிப்புரையில் புலம்பியிருக்கிறார். புலம்பினாலும் நிறுத்தவில்லை.

சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்திருந்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணப் பட்டியலையெல்லாம் கேட்டுவிட்டு, இவற்றைப் படித்து என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்ற மாதிரி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது வரை ஏழு ஆண்டுகள். ஊர் ஊராகப் பிரதி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறும் இடம்) குறித்தார். சமண நூல் என்பதால் புரியாத இடங்களைக் கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டார். சைவ மடத்தில் படித்து வளர்ந்த ஒருவர் அன்றைக்கு அதைச் செய்தது சின்ன விஷயமில்லை.

பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது குறிஞ்சிப்பாட்டில் ஒரு சிக்கல் வந்தது. தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களைக் கபிலர் வரிசையாகப் பாடிக்கொண்டே போகிற இடம். ஐயருக்குக் கிடைத்த பிரதிகளில் அந்த வரிசையின் நடுவே சில பூக்களின் பெயரைக் காணோம். நீளமான பட்டியலில் இரண்டு மூன்று பெயர் விட்டுப்போனால் கதைக்கு ஒரு குறையும் வராது. யாரும் கேட்கப் போவதும் இல்லை. புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கலாம், பொருத்தமான பூப்பெயர் ஒன்றைச் செருகியிருக்கவும் முடியும். அவர் இரண்டையும் செய்யாமல் தேடிக்கொண்டே இருந்தார். தருமபுர ஆதீனத்துச் சுவடிகளைப் புரட்டியபோது ஓர் ஏட்டில் அந்தப் பெயர்கள் கிடைத்தன. 1889-இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது.

இதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாச் சந்தேகமும் தீரட்டும் என்று அவர் சிந்தாமணியை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கவில்லை. 1887-இல் தன்னால் ஆனமட்டும் சரிபார்த்து வெளியிட்டார். வெளியிட்ட பிறகும் பிரதி தேடினார். இருபது ஆண்டு கழித்து 1907-இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அடுத்த கேள்விக்கான விடையில் பாதி இதில் இருக்கிறது.

பிழையே இருக்கக் கூடாது என்று உட்கார்ந்தால் ஒரு புத்தகமும் வெளியே வராதே?

நியாயமான பயம். அப்படி முடங்கிப்போன வேலைகள் உண்டு. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத்துக்கு 1977-இல் தன் நூலின் மறுபதிப்புக்கான மெய்ப்பு வந்தது. அச்சுக்கோப்பு முறை மாறியிருந்ததால் கணிதக் குறியீடுகளெல்லாம் அவலட்சணமாக விழுந்திருந்தன. மனிதர் தாங்க முடியாமல், அச்சுக்கோப்புக்குத் தானே ஒரு மென்பொருள் எழுதக் கிளம்பிவிட்டார். ஓராண்டில் முடியும் என்று நினைத்த வேலை, பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அதனால் உலகத்துக்கு ‘டெக்’ கிடைத்தது. இன்றும் கணித ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதில்தான் அச்சாகின்றன. அவருடைய அந்த நூலின் அடுத்த தொகுதிகள் பல ஆண்டு தள்ளிப்போயின. எல்லோரும் கனூத் ஆக முடியாது. ஆகவும் வேண்டாம்.

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கிமூலம் என்ற இணைய நூல் தொகுப்பில் இதற்கு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓசிஆர் மட்டும் முடிந்த பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. ஸ்கேன் படம் எப்போதும் உரையின் பக்கத்திலேயே இருக்கும். மஞ்சளை இட்டவரே பச்சையும் இட மென்பொருள் விடாது. அரைகுறையான பக்கமும் வெளியில் இருக்கலாம், ஆனால் அரைகுறை என்ற சீட்டு அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டும். நாங்கள் சண்டைபோடுவது சிவப்புப் பக்கங்களோடு அல்ல. சிவப்பாக இருக்க வேண்டியதைப் பச்சை என்று சொல்லி அனுப்புகிறார்களே, அவர்களோடுதான்.

ஆகவே எப்போது நிறுத்துவது என்றால்: இரண்டு பேர் முழுதாகப் படித்து, மேலே சொன்ன கண்ணுக்குத் தெரியாத பிழைகளைத் தனியாகத் தேடி முடித்து, சந்தேகம் தீராத இடங்களைக் குறித்து வைத்த பிறகு. ஐந்தாம் முறை படித்துக்கொண்டிருப்பதைவிட அடுத்த புத்தகத்தை எடுப்பது மேல்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் திருத்திவிடுமே?

திருத்தும். அதுதான் சிக்கல். ஓசிஆர் தவறினால் ‘பகவண்’, ‘எழுததெல்லாம்’ என்று அசிங்கமாகத் தவறும், பார்த்ததும் தெரியும். செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் தவறினால் அழகாகத் தவறும். அவற்றுக்குப் பழக்கமில்லாத சொல்லைக் கண்டால் பழக்கமான சொல்லாக்கி, வாக்கியத்தைச் சரளமாக்கிக் கொடுத்துவிடும். குறிஞ்சிப்பாட்டுப் பூக்களில் ‘உந்தூழ்’ என்று ஒன்று வருகிறது, மூங்கில் பூ. இன்றைய தமிழில் புழங்காத சொல். இதைப் பிழை என்று நினைத்து வேறொன்றை வைக்க ஒரு நொடி ஆகாது. வைத்தது தெரியவும் தெரியாது. ஏட்டில் விடுபட்ட பூவைத் தேடி ஒருவர் அலைந்தார், அச்சில் இருக்கிற பூவை நாம் தொலைத்துவிட்டு நிற்போம்.

பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. ‘இந்தப் பக்கத்தில் சந்தேகமான சொற்களைக் காட்டு’ என்று கேளுங்கள். காட்டிய இடத்தில் ஸ்கேனைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். மாற்றும் உரிமையை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

எப்படி உட்கார்ந்து பார்ப்பது? ஏதாவது முறை இருக்கிறதா?

பழைய அச்சகங்களில் புரூஃப் பார்த்தவர்களுடைய முறையே சிறந்தது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். படிக்கிறவர் றகரம், ரகரம், ணகரம், னகரம் எல்லாவற்றையும் பிரித்து உச்சரிக்க வேண்டும். காற்புள்ளியைக்கூடச் சொல்ல வேண்டும். துணைக்கு ஆள் இல்லை என்றால் திரை வாசிப்பானைப் படிக்கவிட்டு, ஸ்கேன் படத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘அவா்’ வகைப் பிழைகள் இதில் காதில் விழும்.

தனியாகப் பார்த்தால் உரையின் எழுத்தைப் பெரிதாக்கி, ஓசிஆர் தந்த வரிகளை ஸ்கேனில் உள்ள வரிகளைப் போலவே உடைத்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பாருங்கள். பத்தி பத்தியாகப் படித்தால் கதைக்குள் போய்விடுவீர்கள். சுவாரசியமான புத்தகம்தான் மெய்ப்புக்கு எமன். துப்பறியும் நாவலைப் பார்க்கிறவர்கள் கடைசி அத்தியாயத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் எழுத்து கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

தலைப்பு, பக்க எண், அடிக்குறிப்பு எண், ஆண்டு ஆகியவற்றை மட்டும் கடைசியில் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உரையை ஆழ்ந்து பார்க்கிறவர்கள் தலைப்பில் கோட்டை விடுவது வழக்கம்.

செய்யுளுக்குத் தனியாக ஏதாவது?

யாப்பு தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ‘கற்க கசடற’ என்ற குறளின் இரண்டாம் அடி ‘நிற்க’ என்று தொடங்குகிறது, இரண்டாமெழுத்து எதுகை. அங்கே ‘நிந்க’ என்றோ ‘நிர்க்க’ என்றோ ஓசிஆர் தந்தால், மேலே பார்த்தவுடன் தெரிந்துவிடும். குறளுக்கு ஏழு சீர், எண்ணிப் பாருங்கள். தளையும் (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி) உதவும். முதல் குறளில் ‘ஆதி’ என்ற மாச்சீருக்கு அடுத்து ‘பகவன்’ என்று நிரையசை வருகிறது. அது ‘பாகவன்’ ஆகிவிட்டால் மாவுக்கு முன் நேர் வந்து வெண்டளை தட்டும்.

ஆனால் ‘பகவன்’ என்பது ‘பகலன்’ ஆகிவிட்டால் யாப்பு வாயைத் திறக்காது. அசை அப்படியே இருக்கிறதே. அதற்குக் கண்தான் வேண்டும்.

எனக்கு இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. சேரலாமா?

தாராளமாக. பார்த்ததைப் பார்த்தபடி எழுதப் பொறுமை போதும். உண்மையைச் சொன்னால், நிறையத் தெரிந்தவர்களை மூலத்தைத் ‘திருத்த’ விடாமல் தடுப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

கிழிந்து போயிருக்கிறது, பூச்சி அரித்திருக்கிறது, மை படிந்திருக்கிறது. ஊகித்து எழுதலாமா?

வேறு படி தேடுங்கள். அதே பதிப்பு இன்னொரு நூலகத்தில் இருக்கலாம்; ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கை நூல்கள் என்றால் நூலகம் திட்டத்தின் இணையத் தொகுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மறுபதிப்பிலிருந்து எடுத்து நிரப்பினால் அதைக் குறிப்பில் சொல்லுங்கள், மறுபதிப்பில் ஆசிரியர் மாற்றியிருக்கக் கூடும். எங்கும் கிடைக்கவில்லை என்றால் இடத்தை வெறுமையாக விட்டு ‘சிதைவு’ என்று போடுங்கள். ஊகம் எவ்வளவு சரியாகத் தோன்றினாலும் உரைக்குள் போகக் கூடாது.

எந்த நூல்களை எடுக்கலாம்? காப்புரிமை?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், இலங்கையில் 70. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களையும் எடுக்கலாம். சங்க நூலுக்குக் காப்புரிமை இல்லை, ஆனால் அதற்கு அண்மையில் எழுதப்பட்ட உரைக்கு உண்டு.

யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்று பெயர் போட வேண்டுமா?

போட வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகளைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று மேலேயே இருக்கும். பெயர் இருந்தால் பொறுப்பு இருக்கும். கூச்சமாக இருந்தால் புனைபெயரும் போதும்.

நீங்கள் வெளியிட்ட உரையில் பிழை கண்டுபிடித்தேன். என்ன செய்வது?

எழுதுங்கள். ஆனால் ‘நிறையப் பிழை இருக்கிறது, கவனிக்கவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. நூலின் பெயர், அச்சுப் பக்க எண், எத்தனையாவது வரி, உரையில் எப்படி இருக்கிறது, ஸ்கேனில் எப்படி இருக்கிறது, இந்த ஐந்தும் வேண்டும். ஸ்கேனில் பார்க்காமல் ‘இது தவறாகத்தான் இருக்கும்’ என்று வருபவற்றில் பல, அச்சிலேயே அப்படித்தான் இருக்கும்.

மேலே சொன்ன கனூத் தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்த ஒவ்வொருவருக்கும் 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பிவந்தார். 256 சென்ட் என்பது கணினிக்காரர்களின் பதினாறடிமானக் கணக்கில் ஒரு டாலர். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். எங்களிடம் டாலர் கிடையாது. திருத்தக் குறிப்பில் உங்கள் பெயர் வரும், எந்தப் பக்கம் எந்த வரி என்பதோடு.